நாற்பத்தொன்றாம் எண் நாய்: நகராட்சி ஆணையருக்கும் நகர்மன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கும்,

வரும் கார்த்திகை முதல் தேதி தொடங்கி எல்லா வார்டுகளிலும் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்யும் பணி நடைபெறும் என்றும், சென்ற ஆண்டு அந்தப் பணியைச் செய்த ஒப்பந்ததாரரே இந்த ஆண்டும் செய்வார் என்றும் நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பை, போன வாரம் சொத்துவரி கட்ட வந்தபோது படித்தேன். சென்ற ஆண்டுப் பணியைப் பற்றி நான் கொடுத்த மூன்று மனுக்களில் ஒன்றுக்கும் இன்றுவரை பதில் வரவில்லை. முதல் மனு உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்தது. இரண்டாவது பதிவு அஞ்சலில் அனுப்பியது. மூன்றாவது, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, உரிய நடவடிக்கைக்காக உங்களுக்கே அனுப்பப்பட்டிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பிறகும் அதே மாதத்தில், அதே ஆளைக் கொண்டு, அதே வேலை தொடங்கப்போகிறது என்றால், நான்காவது மனு எழுதுவதில் பொருளில்லை. அதனால் இதை ஊரார் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். நாய்ப் பிரியை என்று என்னை யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் மாடு இருந்தது, நாய் இருந்ததில்லை. பேரேட்டில் எழுதியிருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் அன்றிரவு தூக்கம் வராது என்பது மட்டும் என்னோடு வளர்ந்துவிட்ட பழக்கம். இந்த மடலுக்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

எங்கள் வீடு நகராட்சி எல்லை முடியும் இடத்தில், வாய்க்கால் மதகை ஒட்டி இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் சம்பா வயல்தான். 2024 நவம்பர் 23, சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில், கூண்டு வைத்த வண்டி ஒன்று மதகருகே வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கிக் கூண்டைத் திறந்தார்கள். ஆறு நாய்கள் குதித்தன. ஐந்து நாய்கள் கரையோடு கரையாக ஓடி இருட்டில் மறைந்தன. ஆறாவது ஓடவில்லை, மதகுப் படியிலேயே படுத்துவிட்டது. வண்டி திரும்பிப் போயிற்று. இவ்வளவும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த என்னை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையிலும் அது அங்கேயே கிடந்தது. செவலை நிறம், மூன்று வயதிருக்கும். கழுத்தில் நைலான் கயிறு. அதில் 41 என்று பொறித்த அலுமினிய வில்லை. வலது காதின் நுனியில் முக்கோணமாக வெட்டி எடுத்திருந்தார்கள். புண் ஆறாமல் ஈ மொய்த்தது. சோறு கொண்டுபோய் வைத்த என் கணவர்தான் அதன் வயிற்றை முதலில் கவனித்தார். "இந்தா, இங்க வந்து பாரு, வாயும் வயிறுமால்ல இருக்கு" என்று கூப்பிட்டார். 

திங்கட்கிழமை காலை ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் கடந்த சினை என்றார். பிறகு அதைப் புரட்டிப் படுக்கவைத்து அடிவயிற்றை விரலால் தடவித் தேடினார். தையல் இல்லை, தழும்பு இல்லை. அறுவைக்கு முன் வழிக்க வேண்டிய ரோமம் வழிக்கப்படவே இல்லை. காது வெட்டுக்கு என்ன பொருள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: கருத்தடை அறுவைக்காக மயக்கத்தில் இருக்கும்போதே காதில் இப்படி அடையாளம் வெட்டிவிடுவார்கள், அடுத்த முறை நாய் பிடிக்க வருகிறவர் தூரத்திலிருந்தே பார்த்து, இது முடிந்தது என்று விட்டுவிட்டுப் போவதற்கான அடையாளம் அது. முடிந்ததற்கான அடையாளம் காதில் இருந்தது. முடியவில்லை என்பதற்கான சான்று வயிற்றுக்குள் அசைந்துகொண்டிருந்தது. நவம்பர் 25 தேதியிட்டு அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. 

அந்த வெட்டு ஒரு சிறிய தவறு என்று உங்கள் அலுவலகத்தில் ஓர் அலுவலர் என்னிடம் சொன்னார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். காது வெட்டப்படாத நாய் இந்த ஆண்டு தப்பினால் அடுத்த ஆண்டு பிடிபடும். பொய்யாகக் காது வெட்டப்பட்ட நாய் எந்த ஆண்டும் பிடிபடாது. ஆயுள் முழுவதும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அதற்கான அனுமதிச் சீட்டை நகராட்சியே, மக்கள் பணத்தில், அதன் காதில் குத்தி அனுப்பியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கருத்தடையோடு வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படும் என்பதால், காது வெட்டிய நாய் ஊசி போட்ட நாய் என்று மக்கள் நம்புகிறார்கள். அப்படிப்பட்ட நாய் கடித்தால், ஊசி போட்ட நாய்தானே என்று மருத்துவமனைக்குப் போகாமல் மஞ்சளை அப்பிக்கொண்டு இருந்துவிடுகிறவர்கள் நம் ஊரில் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

அந்த நாயை வைத்துக்கொள்ளும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. காதுப் புண் ஆறியதும் எங்கிருந்து வந்ததோ அங்கே கொண்டுபோய் விடலாம் என்றிருந்தோம். ஆனால் மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பின்னர் ஃபெஞ்சல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் டெல்டாவில் கொட்டித் தீர்த்த நாட்கள் அவை. எங்கள் வீட்டுக்கு எதிரே சம்பாப் பயிர் முழுவதும் தண்ணீருக்குள் நின்றது. மதகுப் படி மூழ்கிவிட்டது. காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையின் மேட்டுப் பக்கத்தில் பலகை போட்டு, சாக்கு விரித்து, செவலையை அங்கே கட்டினோம். வைக்கோல் வேண்டாம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பழைய வேட்டிகள் போதும் என்றார் மருத்துவர். வேளைக்கு ஒரு முட்டை, கோழிக்கடையில் வாங்கிய கால்களை வேகவைத்துக் குழைத்த சோறு. ஒரு வாரத்தில் எலும்பு தெரிந்த விலாவில் சதை வைத்தது.

குட்டி போடும் நாள் நெருங்கும்போது காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நாய்க்கு 101, 102 பாரன்ஹீட் இருப்பது வழக்கம். 99க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும் என்று கணக்கு. டிசம்பர் 12ஆம் தேதி காலையில் 98.4 காட்டியது. அன்றும் விடாத மழை. இரவு ஏழு மணிக்கு மின்சாரம் போய்விட்டது. 2018இல் கஜா புயலுக்குப் பிறகு மின்சாரமில்லாமல் கிடந்த நாட்களில் வாங்கிய அரிக்கேன் விளக்கைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து ஏற்றினோம். 

முதல் குட்டி ஒன்பது நாற்பதுக்கு வந்தது. தாயே பனிக்குடத்தைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கிச் சுத்தம் செய்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மூன்றாவது வந்தபோது தாய் களைத்துவிட்டது. பையோடு கிடந்த குட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் விரல் நகத்தால் பையைக் கிழித்து, மூக்கையும் வாயையும் பழைய பருத்தித் துணியால் துடைத்து, துண்டில் வைத்து முதுகைத் தேய்த்தேன். என் உள்ளங்கையில் அடங்கும் உயிர். முதலில் ஈரத் துணியைப் போலத் துவண்டு கிடந்தது, பிறகு வாயைத் திறந்து ஒரு கீச்சுச் சத்தம். எனக்கு அறுபத்துமூன்று வயது. பிரசவ அறைக்கு வெளியே எத்தனையோ முறை காத்திருந்தவள், உள்ளே நின்றது அதுதான் முதல் முறை. ஏழாவது குட்டி இரண்டரை மணிக்கு இறந்தே பிறந்தது. மறுநாள் கார்த்திகை தீபம்.

ஆறு குட்டிகளையும் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு நீள நோட்டில் பத்தி பிரித்து எழுதினேன். ஐந்து குட்டிகள் 260க்கும் 310 கிராமுக்கும் இடையில் இருந்தன. கறுப்பாகப் பிறந்த ஐந்தாவது குட்டி 180 கிராம். நல்ல குட்டி பத்து நாளைக்குள் பிறந்த எடையைப்போல் இரு மடங்காக வேண்டும். கறுப்புக் குட்டி இரண்டாம் நாள் 172, மூன்றாம் நாள் 165. மற்றவை அதை மடியிலிருந்து தள்ளிவிட்டன. மூன்றாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. பதற்றத்தில், மருத்துவர் எழுதிக் கொடுத்த குட்டிப்பால் பொடியை வெதுவெதுப்பாகக் கரைத்து சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். புகட்டிவிட்டுத்தான் தொலைபேசியில் கேட்டேன். "அம்மா, குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது. குடல் வேலை செய்யாது. முதலில் சூடு, அப்புறம்தான் பால்" என்றார் அவர். வெந்நீர் புட்டிகளைத் துண்டில் சுற்றி அணைத்து வைத்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அடங்கிவிட்டது. அந்தப் பத்தியில் அன்றோடு கோடு கிழித்தேன். கூண்டில் ஐந்து நாள் அடைபட்டுக் கிடந்ததால்தான் அந்தக் குட்டி இறந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் சான்று இல்லை, என் கைத்தவறும் அதில் இருக்கிறது. ஆனால் சினையான நாயைக் கூண்டில் அடைத்து, காதை வெட்டி, அறிமுகமில்லாத வாய்க்கால் கரையில் மழைக்காலத்தில் இறக்கிவிட்டதற்கு நான் காரணமில்லை.

டிசம்பர் 31 இரவு இன்னொன்று நடந்தது. ஊரில் புத்தாண்டு வெடிச் சத்தம். செவலை நடுங்கிக்கொண்டிருந்தது, வெடிக்குப் பயப்படுகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் கால்கள் விறைத்து நிற்க முடியாமல் இரைக்கிறது. உடம்பு 105க்கு மேல் கொதிக்கிறது. குட்டிகள் மூன்று வாரத்தை நெருங்கும்போது பால் உச்சத்தில் சுரந்து, தாயின் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கிவிடுமாம். மாட்டுக்குப் பால் காய்ச்சல் என்று நம் விவசாயிகள் சொல்வதன் உறவு. நள்ளிரவில் மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் திட்டவில்லை. திண்ணையிலேயே படுக்கவைத்து, கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் மிக மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் ஒரு கையில் சிரிஞ்சும் காதில் ஸ்டெதாஸ்கோப்புமாக இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தெருநாய்க்காகப் புத்தாண்டு இரவில் ஒருவர் காட்டிய அந்தக் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு, பகல் வெளிச்சத்தில், சம்பளத்துக்கு வேலை செய்தவர்களிடம் இருந்திருந்தால் போதும்.

மீதி ஐந்து குட்டிகளும் பிழைத்தன. இரண்டாம் வாரத்தில் கண் திறந்தன. அப்போதிருந்தே பதினைந்து நாளுக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, ஏழாவது வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. நான்கை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டோம். இரண்டு பம்புசெட்டுக் காவலுக்குப் போயின. ஒரு பெண் குட்டி எங்களிடம் தங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன செலவு 11,460 ரூபாய். அதை நகராட்சியிடம் கேட்கவில்லை. கணக்கு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

செவலை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம், மீன் அங்காடி, கோயில் வாசல் என்று கேட்டுக்கொண்டே போனேன். எங்கள் வீட்டிலிருந்து ஆற்றுப்பாலமும் புறவழிச்சாலையும் தாண்டி நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பூக்கடைத் தெருவில், மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா படத்தைப் பார்த்ததும் நாரைக் கீழே போட்டுவிட்டார். "எங்க தெருப் புள்ளம்மா இது. புள்ளத்தாச்சின்னு சொல்லச் சொல்லக் கேக்காம வலையப் போட்டுப் புடிச்சிட்டுப் போனானுவோ" என்றார். சொல்லச் சொல்லக் கேட்கவில்லை என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டுகிறேன். வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கண் இல்லாவிட்டாலும், அருகில் இருந்தவர் வாயால் சொல்லியிருக்கிறார்.

இதன் பிறகுதான் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 41ஆம் எண் நாயின் பதிவைக் கேட்டு எழுதினேன். அதற்கு மட்டும் பதில் வந்தது. பெண் நாய், நிறம் செவலை. பிடித்த நாள் நவம்பர் 18. அறுவை சிகிச்சை நவம்பர் 19. வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. நவம்பர் 23 அன்று பிடித்த இடத்திலேயே விடப்பட்டது. பிடித்த இடம் என்ற பத்தியில் தெருவின் பெயர் இல்லை. "நகராட்சி எல்லைக்குள்" என்று எழுதியிருக்கிறது. அந்த விடையை ரசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பிடித்த இடம் நகராட்சி எல்லைக்குள் என்றால், விட்ட இடமும் நகராட்சி எல்லைக்குள்தான். எங்கள் மதகுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி விட்டிருந்தால்தான் விதிமீறல். 

நவம்பர் 19 அன்று கருப்பை எடுக்கப்பட்டதாகப் பதிவுள்ள நாய், டிசம்பர் 12 அன்று ஏழு குட்டி போட்டது. இதை மோசடி என்று நான் சொல்லவில்லை; அதைச் சொல்ல வேண்டியவர்கள் வேறு. கணக்கு ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் சங்கத்தில் தணிக்கையாளர் ஒரு ரசீதைப் பொய்யென்று கண்டால், அந்த ஒன்றை மட்டும் கிழித்துவிட்டுப் போகமாட்டார்; அந்தக் கட்டு முழுவதையும் பிரிக்கச் சொல்வார். 41க்கு முன்னும் பின்னும் எத்தனை எண்கள் இருக்கின்றனவோ, அத்தனைக்கும் நாய்க்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

குட்டிகள் பால் மறந்த பிறகு, மார்ச் மாதத்தில், 2012 முதல் இயங்கிவரும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் செவலைக்கு உண்மையாகவே கருத்தடை செய்தோம். பத்து நாள் வைத்திருந்து, தையல் ஆறியதும் பூக்கடைத் தெருவில் கொண்டுபோய் விட்டேன். காது ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்ததால் புதிதாக வெட்ட வேண்டியிருக்கவில்லை. பதிவேட்டில் பொய்யாக இருந்தது நான்கு மாதம் கழித்து, நகராட்சிக்குச் செலவில்லாமல், மெய்யாகிவிட்டது. இன்று யாராவது போய் அதன் வயிற்றைப் பார்த்தால் தையல் தழும்பு இருக்கும். பதிவேடு சரிதானே என்று எழுதிக் கோப்பை முடிக்கவும் முடியும். நவம்பர் 25 தேதிச் சான்றிதழையும், குட்டிகளின் எடை நோட்டையும், ஒரத்தநாட்டு மருத்துவச் சீட்டையும் ஒரே உறையில் போட்டு நான் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அதனால்தான்.

விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பழைய 2001 விதிகளுக்குப் பதிலாக 2023இல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், பிடிக்கும் நாய்க்கு எண் அணிவித்து, எங்கே பிடித்தது என்று குறித்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின் அதே இடத்தில் விட வேண்டும் என்கின்றன. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாயைக் கருத்தடைக்காகப் பிடிக்கக் கூடாது. குட்டிகள் பால் மறக்கும்வரை தாயைப் பிடிக்கக் கூடாது. இதையெல்லாம் மேற்பார்க்க உள்ளாட்சி அளவில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்ட அல்லது சந்தேகத்துக்குரிய நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, குடற்புழு நீக்கம், தடுப்பூசி முடித்து அதே பகுதியில் விட வேண்டும் என்று கூறியது. எண் வில்லை செவலையின் கழுத்தில் இருந்தது. அந்த எண்ணுக்கு நேரே ஒரு தெருவின் பெயர்தான் இல்லை.

நாய்களுக்காக மட்டும் வாதாடும் கிழவி என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம். என் அண்ணன் பேரனை இரண்டு ஆண்டுகளுக்கு முன் டியூஷன் போகும் வழியில் ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்தது. குழாயடியில் வைத்துப் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவியதும் நான்தான். 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள் ஊசிக்கு அழைத்துப்போனதும் நான்தான். அந்தப் பிள்ளை இன்றும் அந்தத் தெருவில் தனியே நடக்கமாட்டான். ஒரு பகுதியில் குறைந்தது 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதென்று நம் நாடு இலக்கு வைத்திருக்கிறது. பதிவேட்டில் 70 சதவீதமும் தெருவில் அதில் பாதியுமாக இருந்தால், அந்த வித்தியாசத்தைக் குழந்தைகளின் கெண்டைக்கால்தான் ஈடுகட்டும். வேலை நடக்க வேண்டும் என்பதில் எனக்கு உங்களைவிட அவசரம் அதிகம். நடந்ததாக எழுதுவதில்தான் எனக்குச் சண்டை.

அடுத்தது, நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதம். நம் பக்கத்து நாய்கள் பெரும்பாலும் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் இணைசேரும். கர்ப்பகாலம் ஏறக்குறைய அறுபத்துமூன்று நாள். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முடியும்வரை எந்தத் தெருவில் பார்த்தாலும் குட்டிகள். இது எங்கள் பக்கம் ஆடு மேய்க்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கார்த்திகையில் வலையோடு புறப்பட்டால் அகப்படும் பெண் நாய்களில் பெரும்பாலானவை ஒன்று சினையாக இருக்கும், அல்லது பால் கொடுத்துக்கொண்டிருக்கும். நேர்மையான ஒப்பந்ததாரர் அவற்றை விட்டுவிட்டு வெறும் கையோடு திரும்புவார். மற்றவர் காதை மட்டும் வெட்டிவிட்டுக் கணக்கை நிரப்புவார். ஒப்பந்தப் புள்ளி கோரி, திறந்து, உத்தரவு கொடுப்பதற்குள் ஐப்பசி ஆகிவிடுகிறது என்பதுதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று பார்த்து நாற்றங்காலுக்குத் தேதி குறிக்கும் ஊரில், பருவம் பார்த்து ஒரு வேலையைத் தொடங்குவது எப்படி என்று யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே கேட்கிறேன். கார்த்திகை முதல் தேதி தொடங்க இருக்கும் பணியை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஆண் நாய்களுக்கான கருத்தடையையும், எல்லா நாய்களுக்குமான தடுப்பூசியையும் வேண்டுமானால் இப்போதே நடத்துங்கள். பெண் நாய்களுக்கான அறுவைப் பணியைச் சித்திரையில் தொடங்கி ஆடிக்குள் முடியும்படி அடுத்த ஒப்பந்தத்தை மாசிக்குள் இறுதி செய்யுங்கள். 

சென்ற ஆண்டு காது வெட்டப்பட்ட பெண் நாய்களை, ஒப்பந்ததாரருக்குத் தொடர்பில்லாத ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு, வார்டுக்குப் பத்து நாய்களையாவது பிடித்துச் சோதித்துப் பார்க்கச் செய்யுங்கள். அறுவைத் தழும்பு இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்க ஒரு நாய்க்கு ஐந்து நிமிடம் ஆகாது. அந்த அறிக்கை வரும்வரை அதே ஒப்பந்ததாரருக்குப் புதிய பணி உத்தரவு கொடுக்காதீர்கள். நிலுவைத் தொகை ஏதேனும் இருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள். தழும்பில்லாமல் காது மட்டும் வெட்டப்பட்ட நாய்கள் எத்தனை என்று தெரிந்தால், அந்த எண்ணிக்கையை நகர்மன்றக் கூட்டத்தில் வாசியுங்கள்.

இனிப் பிடிக்கும் ஒவ்வொரு நாய்க்கும் தெருப் பெயர், கதவிலக்கம் அல்லது கடை அடையாளம், பிடிக்கும்போதும் விடும்போதும் எடுத்த படம் ஆகியவை பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் நகல் வார்டு அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி தொங்க வேண்டும். பிடிக்க வரும் நாளை இரண்டு நாள் முன்னதாகத் தெருவில் சொல்லுங்கள். எந்த நாய் சினை, எந்த நாய் குட்டிக்காரி என்பதை அந்தத் தெருவில் பூக் கட்டுகிறவரும் தேநீர் ஆற்றுகிறவரும் உங்கள் ஆட்களுக்குக் காட்டிக்கொடுப்பார்கள். தெரியாமல் சினை நாய் பிடிபட்டுவிட்டால், அன்றே அதே தெருவில் விட வேண்டும். விட முடியாத நிலையில் இருந்தால், ஈன்று குட்டிகள் பால் மறக்கும்வரை பார்த்துக்கொள்ள முன்வரும் வீடுகளின் பட்டியல் ஒன்றை அலுவலகத்தில் வைத்திருங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வீடுகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் மட்டும் நகராட்சி கொடுத்தால் போதும்.

விதிப்படி இருக்க வேண்டிய கண்காணிப்புக் குழு நம் நகராட்சியில் இருக்கிறதா, இருந்தால் அதன் உறுப்பினர்கள் யார், கடைசியாக எந்தத் தேதியில் கூடியது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுதினாலும் போதும். இந்தப் பதில் கார்த்திகை முதல் தேதிக்கு முன் என் கைக்கு வர வேண்டும். மனுக்களில் என் முகவரி மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது.

41 என்று பொறித்த வில்லையைச் செவலையின் கழுத்திலிருந்து கழற்றி வைத்திருக்கிறேன். அது நகராட்சிச் சொத்து. ஒப்புகைச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அலுவலக நேரத்தில் வந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
வாய்க்கால் மதகு ஓரத்து வீட்டில் வசிக்கும்
ஓய்வு பெற்ற கணக்கர்